ஓடையில் பூத்த தாமரை

"மீன் துள்ளுது சார்!" என்று கூவினார் கோர்ட் அனுப்பிய கமிஷனர் கிரண்குமார்.

வக்கீல் சடகோபன் கரையில் குனிந்து தண்ணீரை உற்றுப் பார்த்தார். நாகலாபுரத்தை ஒட்டிய இந்த ஓடையில் சாயக் கம்பெனியின் கழிவு கத்தரிக்காய் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடும். பட்ட பயிரெல்லாம் கருகிப்போகும். செங்கம்மாவின் நிலத்துக்காக அவர் திருப்பதி கோர்ட்டில் வழக்குப் போட்டதே அதற்காகத்தான். போன தடவை கமிஷனரோடு வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. இந்தத் தடவை மீனே வந்துவிட்டது!

"முந்தாநாள் வரைக்கும் நுரையாத்தான் ஓடிக்கினு இருந்துச்சி சார்," என்றாள் செங்கம்மா, கழனியில் மடை திருப்பிக்கொண்டே.

"சாலா பாகுந்தி!" என்று தெலுங்கில் மெச்சி, ஓடையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார் கிரண்குமார். செங்கம்மாவின் நாய் அவருடைய பேண்டைக் கவ்வியது.

அறிக்கையைப் படித்த நீதிபதி, "கடைசியாக ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். அப்போதும் சுத்தமாக இருந்தால் மனு தள்ளுபடி," என்று சொல்லிவிட்டார்.

சடகோபனுக்கு ரத்தம் கொதித்தது. வருகிற தேதியை யாரோ கம்பெனிக்குப் போட்டுக்கொடுக்கிறார்கள்! முதல் சந்தேகம் ஜூனியர் திலீப் மேல் விழுந்தது.

"போனைக் குடுடா."

"எங்க நைனா மேல சத்தியமா நான் இல்ல சார்!"

"குடுடான்னா!"

போனைக் கொடுத்த கையோடு திலீப் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். கேஸ் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சடகோபன் அரை நாள் தும்மித் தும்மித் தேடினார். அடுத்து கார் டிரைவர் மேல் சந்தேகம் வந்து அவரையும் நிறுத்தினார். அதனால் பஸ்ஸில்தான் போகவேண்டும். பஸ்ஸில் கறுப்புக் கோட்டைப் பார்த்தால் ஊரே பேசுமே! கம்பெனி போட்ட நாமம் போதாதென்று தானும் நெற்றியில் ஒன்று இட்டுக்கொண்டு, வேதநாராயணர் கோயிலுக்குப் போகிறவர் போலக் கிளம்பத் திட்டம் போட்டார்.

செங்கம்மாவுக்கு மட்டும் போன் செய்தார். "நாளைக்கு வர்றோம். அந்த நாயைக் கட்டிப்போடும்மா. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நம்ம ஊர்ல ஒரு ஈ காக்காக்குக்கூட சொல்லமாட்டேன் சார்."

மறுநாள் கிரண்குமார் பஸ்ஸில் வழி நெடுக, "எக்கடிக்கி சார்? எங்க போறோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சடகோபன் வாயைத் திறக்கவில்லை. ஓடைக்கரையில் இறங்கியதும் திறந்த வாய் மூடவில்லை.

தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. மீன் துள்ளியது. நடுவில் ஒரு தாமரைகூடப் பூத்திருந்தது. நாய் மட்டும் சமத்தாகக் கட்டுண்டு கிடந்தது.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று கம்பெனி வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சடகோபன் தாமரையை மறுக்க வழி தேடிக் கேஸ் கட்டைப் புரட்டினார். தோற்றால் இனி அந்த ஊருக்குக் கத்தரிக்காய்த் தண்ணீர்தான். நீதிபதி தீர்ப்பெழுதப் பேனாவைத் திறந்தார்.

பின்வரிசையிலிருந்து செங்கம்மா பதறி எழுந்து ஓடி வந்தாள்.

"அய்யா, கேசைத் தள்ளிடாதீங்க! நீங்க ஆள் அனுப்பறீங்கன்னு நான் போன் பண்ணி சொன்னாத்தான் கம்பெனிக்காரன் சாயத்த நிறுத்திட்டு போர்த் தண்ணி வுட்றான், நெல்லு முத்தற வரைக்கும் இன்னும் ரெண்டு தபா அனுப்புங்க!"