ஏழாம் எண் பாறையிலிருந்து முப்பது மீட்டர்

“அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்களேன்.”

“அது காட்டெருமைங்க.”

“தெரியுதுங்க. முதுகைக் காட்டிட்டு நிக்குதே, அதைத்தான் சொல்றேன்.”

“நீங்க முதல்ல பின்னால வாங்க. உங்களுக்கும் அதுக்கும் நாலு அடிதான் இருக்கு.”

“நான் கோட்டுக்குப் பின்னாலதானே நிக்கிறேன்? காலைப் பாருங்க. கோட்டைத் தொட்டிருக்கா?”

“கோடு சரிதாங்க. எருமைதான்…”

“அப்ப எருமைகிட்ட போய்ச் சொல்லுங்க.”

இந்த இடத்தில் விசில் ஊதப்பட்டது என்கிறது எங்கள் புகார்ப் புத்தகத்தின் நூற்றுப் பதினெட்டாம் பக்கம்.

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது சக்கரம் என்கிறார்கள். நெருப்பு என்று வாதாடுபவர்களும் உண்டு. இரு தரப்பாரும் எங்கள் சரணாலயத்தின் ‘விருந்தினர் மகிழ்ச்சிப் பிரிவு’க்கு ஒருமுறைகூட வந்து பார்க்காதவர்கள் என்பது தெளிவு. ஒரு டன் எடையுள்ள மிருகத்துக்கும் விடுமுறையில் வந்த மனிதருக்கும் நடுவே ஒரு புத்தகம், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒழுங்கை நிலைநாட்டிய அலுவலகம் உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் பிரிவின் அறிவிப்பு எழுத்தர் நான். பலகைகள், அட்டைகள், வருத்தம் தெரிவிக்கும் கடிதங்கள் எல்லாம் என் கைவண்ணம். மேற்படி விசிலை ஊதிய காவலர் என் அக்காவின் கணவர். அலுவலகத்தில் நான் உறவு பார்ப்பதில்லை. மாமாவின் மீது வந்த பதினேழு புகார்களையும் நானே தேதிவாரியாக அடுக்கி, நூல் கோத்து, இயக்குநரின் மேசையில் வைத்தேன்.

மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலங்கிலிருந்து முப்பது மீட்டர் தள்ளித்தான் விருந்தினர் நிற்க வேண்டும் என்பது விதி. விலங்கு எங்கே இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லும். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டில் இருப்பிடம் ஏற்றப்படும். அன்று காலை காட்டெருமை ஏழாம் எண் பாறையின் நிழலில் படுத்திருந்தது. ஆகவே அதன் இருப்பிடம் ஏழாம் எண் பாறை. பாறையிலிருந்து நாடா பிடித்து, சரியாக முப்பது மீட்டரில் மஞ்சள் கோடு போட்டோம். விருந்தினர் உட்கார வசதியாகக் கோட்டை ஒட்டிப் புல் வளர்த்து, தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டோம்.

காட்டில் புல் காய்ந்தது. காட்டெருமை கோட்டுக்கு வந்தது. விருந்தினரும் கோட்டுக்கு வந்தார்கள். விதியை யாரும் மீறவில்லை.

“சார், கோட்டைப் பின்னால தள்ளிப் போடணும்,” என்றார் மாமா, அவசரக் கூட்டத்தில்.

“எவ்வளவு?” என்றார் இயக்குநர்.

“முப்பது மீட்டர் சார்.”

“அங்க கேன்டீன் இருக்கேப்பா.”

“அப்ப புல்லுக்குத் தண்ணி விடறதையாவது நிறுத்துங்க. அதுக்குத்தான் அது வருது.”

“புல்லு இல்லன்னா விருந்தினர் எங்க உக்காருவாங்க?”

“இப்ப எருமை பக்கத்துல உக்காந்திருக்காங்க சார். நேத்து ஒருத்தர் அது மேல சாய்ஞ்சு பேப்பர் படிக்கப் பாத்தார்.”

“அது எங்க உக்காந்தா என்னப்பா? இருப்பிடம் பாறைன்னு பதிவேட்டுல இருக்கு. நம்ம வீட்டு முகவரி மாதிரிதான். நாம கடைக்குப் போனா முகவரி மாறிடுதா?”

“சார், கடைக்குப் போற நம்மகிட்ட கொம்பு இல்ல.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொறுமை என்பதை மனித வடிவில் பார்க்க விரும்புகிறவர்கள் அவர் கண்ணாடி துடைப்பதைப் பார்க்கலாம். “உங்க மேல எத்தனை புகார்? பதினேழு. எருமை மேல?” என்று என்னைப் பார்த்தார்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். “ஒண்ணு சார். முதுகைக் காட்டினதுக்கு.”

“பாத்தீங்களா? யாரு ஆபத்தானவங்கன்னு புத்தகமே சொல்லுது.”

அன்று எடுக்கப்பட்ட முடிவுகள் வரலாற்றில் இடம்பெறத் தக்கவை. கோட்டைத் தாண்டுவது விலங்குதான் என்பதால், காட்டைப் பார்த்தபடி ஒரு பலகை வைக்கத் தீர்மானமாயிற்று. ‘வன விலங்குகள் இக்கோட்டின் அருகே வர வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றன’ என்று எழுதினேன். எருமையின் கண் மட்டத்துக்கு எழுத்து தெரிகிறதா என்று குனிந்து நடந்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் அது பலகையில் கழுத்தைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் நின்றது. “படிக்குது,” என்றார் இயக்குநர், மெல்லிய குரலில்.

அடுத்து விசில். அதன் ஓசை விருந்தினரின் காணொளிகளில் பதிவாகி அவர்களுடைய மனத்தைப் புண்படுத்துவதால் தடை செய்யப்பட்டது. மாமா கழுத்திலிருந்து கழற்றி என் மேசைமேல் வைத்தார். பித்தளை விசில். வாய் வைக்கும் இடத்தில் பல் பட்டுத் தேய்ந்திருந்தது. கயிறு வியர்வையில் வெளுத்திருந்தது. ‘பறிமுதல்: ஒன்று’ என்று சீட்டுக் கட்டி என் டிராயரில் போட்டேன்.

விசிலுக்குப் பதிலாகப் ‘புன்னகை அட்டை’ வந்தது. ஆபத்து நேரத்தில் காவலர் அதைப் புன்னகையுடன் உயர்த்திக் காட்ட வேண்டும். வாசகத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. பனி படர்ந்த தொலைதூர நாடுகளின் நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவன் நான். ‘விலகு’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க எனக்கு மனம் வருமா? இப்படி எழுதினேன்:

‘அன்பு விருந்தினரே, தொலைவு என்பதும் நேசத்தின் ஒரு வடிவமே. மலைகள் நம்மிடம் ஓடி வருவதில்லை. ஆயினும் நாம் அவற்றை நேசிக்கிறோம் அல்லவா? ஆகவே, மனம் ஒப்பினால், சற்றே பின்வாங்குவீராக.’

அட்டை சிறியது. எழுத்து அதைவிடச் சிறியது. படிக்க வேண்டுமானால் ஒரு கை தூரத்தில் பிடிக்க வேண்டும். இதனால் விருந்தினர் எருமையை எவ்வளவு நெருங்கினார்களோ, அவ்வளவு மாமாவும் நெருங்க நேர்ந்தது. சேவையில் நெருக்கம் என்பது இதுதான் என்று ஆண்டறிக்கையில் குறிப்பிட்டேன். ஒரே வாரத்தில் எருமையைவிட அட்டையைப் படம் பிடித்தவர்கள் அதிகம். இயக்குநர் என் மேசைக்கே வந்து கை குலுக்கினார்.

மாமா மட்டும் மதியம் வந்து நின்றார். “மாப்ள, இதைக் கொஞ்சம் சுருக்கி ‘ஓடு’ன்னு பெருசா எழுதித் தர முடியுமா?”

“அது மரியாதையா இருக்காது மாமா.”

“மரியாதை யாருக்குடா? எனக்கா, எருமைக்கா?”

மாமாவுக்கு இலக்கியம் பிடிபடாது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல், மஞ்சள் சட்டை அணிந்த ஒரு விருந்தினர் மனைவியுடன் வந்தார். அட்டை பயன்படுத்தப்படும் அழகை ஆண்டறிக்கைக்காகப் படம் எடுக்க நான் என் அறையின் ஜன்னலில் நின்றிருந்தேன். கோடு அங்கிருந்து பத்தடிதான். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க,” என்றார் மனைவி, போனைத் தூக்கியபடி. “தோள் மேல கையைப் போடுங்க.”

“போட்டுட்டா எப்படி இருக்கும் தெரியுமா? ஆபீஸ்ல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்.”

“என்னங்க, அதோட வால் மேல போகுது. ஃபிரேம்ல நிக்கல.”

வால் கம்பம் போல நிமிர்ந்திருந்தது. முன்னங்கால் புல்லைக் கீறியது. மாமா ஓடி வந்து அட்டையை உயர்த்தினார். விதிப்படி புன்னகைக்கவும் முயன்றார் என்பதை நான் சாட்சியாகச் சொல்ல முடியும்.

“சார், இதைப் படிங்க சார்! சீக்கிரம் படிங்க!”

“ஒரு நிமிஷம்ணே.” மஞ்சள் சட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். “தொலைவு என்பதும் நேசத்தின்… அட, கவிதை! ஏய், இதைக் கேளேன். மலைகள் நம்மிடம்…”

“அண்ணே, நீங்களும் அட்டையோட உள்ள வாங்க,” என்றார் மனைவி.

என் டிராயர் திறந்துதான் இருந்தது. விசில் மேலாகவே கிடந்தது. ஆனால் அது தடை செய்யப்பட்ட பொருள். நான் பொறுப்புள்ள ஊழியன். மேலும், அவர் இரண்டாம் வாக்கியத்துக்கு வந்திருந்தார். அதன் நடுவில் குறுக்கிடுவது நாகரிகமாகாது.

மாமா அட்டையைக் கீழே போட்டார். மஞ்சள் சட்டையின் காலரைப் பிடித்து, மூட்டையைத் தூக்கி எறிவது போல் பின்னால் எறிந்தார். அவர் நின்ற இடத்தில் இப்போது மாமா நின்றார். எருமை அந்த இடத்துக்குத்தான் வந்தது.

பிறகு அது புல் மேயப் போய்விட்டது.

புகார் நூற்று முப்பத்தொன்று: சட்டை கிழிப்பு, பொத்தான்கள் மூன்று இழப்பு, கவிதை வாசிப்புக்கு இடையூறு.

விசாரணையை இயக்குநரே நேரில் நடத்தினார். ஏழாம் எண் பாறையிலிருந்து மஞ்சள் சட்டைக்காரர் நின்ற இடம் வரை நாடா பிடிக்கப்பட்டது. முப்பது மீட்டர், பத்து சென்டிமீட்டர். “ஆக, சம்பவ நேரத்துல விருந்தினருக்கும் விலங்குக்கும் நடுவுல முப்பது மீட்டர் இருந்திருக்கு. பத்து சென்டிமீட்டர் கூடவே இருந்திருக்கு,” என்று அவர் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். அத்தனை தூரத்தில் இருக்கும் விலங்கு யாரையும் முட்ட இயலாது. எனவே காவலர் தானாகவே தவறி விழுந்திருக்கிறார். தொடையிலுள்ள துளை, விழுந்த இடத்தில் கூரான ஏதோ இருந்ததைக் காட்டுகிறது. விருந்தினரிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டால் வேலை இருக்கும். கேட்காவிட்டால் இல்லை.

கடிதத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்து, மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன்.

“வாடா,” என்றாள் அக்கா. மாமாவின் கால் கட்டுக்குள் தலையணை உயரத்துக்கு இருந்தது. “ஒரு பழம்கூட வாங்கிட்டு வரல. ஃபைலைத் தூக்கிட்டு வந்திருக்க.”

“அவசர வேலைக்கா.”

“வேலையாம். மூணு விலா எலும்பு போச்சுடா. தவறி விழுந்தவருக்கா?”

“அறிக்கையில அப்படித்தான்கா இருக்கு.”

“அறிக்கையை எழுதினது யாரு?”

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். மாமா கடிதத்தை வாங்கி முழுதும் படித்தார். விலா வலித்ததால் வரிக்கு வரி நின்று படித்தார்.

“நல்லா எழுதியிருக்க, மாப்ள. சட்டை வருது. பொத்தான் மூணும் வருது. என் அவசர புத்தி ரெண்டு தடவை வருது.” தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “எருமையை மட்டும் எங்கயும் காணோமே.”

“அதுக்குத் தேவை வரல மாமா.”

அவர் தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினார். பிறகு, “நாளைக்கு லீவு நாளாச்சே, கூட்டம் வரும். கோட்டுல யாரு நிக்கிறா?” என்றார்.

“கேன்டீன்ல கிளாஸ் கழுவுறாரே, அவர்தான். பயிற்சி எல்லாம் குடுத்தாச்சு. அட்டையைத் தலைகீழா பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்.”

“அவருக்குப் படிக்கத் தெரியாதேடா,” என்றாள் அக்கா.

“படிக்க வேண்டியது விருந்தினர்தான்கா.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையைப் பதிவு செய்ய எங்கள் புத்தகத்தில் கட்டம் இல்லை.

மாமா பேனாவை வாங்கிக்கொண்டார். கடிதத்தைக் கட்டுப் போடாத முட்டியின் மேல் வைத்து, என் பிழையற்ற வாக்கியங்களுக்குக் கீழே பேனா முனையை ஊன்றினார். எழுதவில்லை.

“கையெழுத்து என்ன, போட்டுடறேன். ரெண்டு பிள்ளைங்க இருக்கு, போடாம என்ன செய்ய? அன்னைக்கு ஜன்னல்ல நின்னது நீதானே? பாத்தேன். அதுவும் பரவாயில்ல.” அவர் மூச்சு வாங்கினார். “அந்த விசில் இன்னும் உன் டிராயர்லதான் கிடக்கு. காலையில கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி, யாருக்கும் சொல்லாம, அதை எடுத்து அந்தக் கிளாஸ் கழுவுறவர் கழுத்துல மாட்டி விட்டுடறியா, மாப்ள?”