ஐம்பத்துமூன்றாவது வாரம்

இருபத்திரண்டு வருசம் கணிதம் படிப்பித்தவன் நான். இன்றைக்கு ஏழால் வகுக்கத் தெரியாதவன் என்று ஊரில் பெயர். இந்த அநியாயத்தை ஆரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தச் சோற்றை வடித்ததும் நான்தான் என்பது வேறு விசயம்.

என் மனைவி ஞானாம்பிகைக்குத் தபாற்கந்தோரில் வேலை. எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் திடீரென்று ஒரு கேள்வி கேட்டாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், குசினிக்குள் நின்று சமைக்க மட்டும் ஏன் ஒரே ஆள்? இனி ஒரு கிழமை ஏழு நாளும் அவள், அடுத்த கிழமை நான் என்று முறை வைக்க வேண்டுமாம். ஒருக்காலும் நடவாது என்றேன். மத்தியானம் மேசையில் தண்ணீர்ச் செம்பு மட்டும் இருந்தது. நடக்கும் என்றேன்.

ஆனால் சும்மா விடுவேனா? லண்டனிலிருந்து தம்பி அனுப்பிய கொம்பியூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. ரீவியில் கொளுவுகிற சின்னச் சாமான். திகதியைக் கொடுத்தால் ஆருடைய முறை என்று அதுவே சொல்லட்டும், அதற்கு ஓரவஞ்சனை தெரியாது என்றேன்.

மூன்று நாள் குந்தியிருந்து புரோகிராம் எழுதினேன். தை முதலாம் திகதி, அதாவது ஜனவரி ஒன்றிலிருந்து நாட்களை எண்ணி, ஏழு ஏழாகப் பிரித்து, வாரத்துக்கு இலக்கம் போடும். ஒற்றை வாரம் அவள். இரட்டை வாரம் நான். வெளியே பார்த்தால் தராசு. உள்ளே ஒரு கள்ளம். வருசத்தில் ஐம்பத்திரண்டு வாரம் போக ஒரு நாள் மிஞ்சும். அந்த மார்கழி முப்பத்தொன்றுதான் ஐம்பத்துமூன்றாவது வாரம். விடிந்தால் புதுவருசம், முதலாவது வாரம். இரண்டும் ஒற்றை! எட்டு நாள் தொடர்ந்து அவள்தான் அடுப்படியில். அதுவும் வருசா வருசம்.

ஞானாம்பிகை திரையைப் பார்த்தாள். ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"இது சொன்னால் சொன்னதுதானே? பிறகு மாத்துக்கதை இல்லையே?"

"இல்லை" என்றேன். பதினெட்டு வருசமாகக் காலையில் தபால் முத்திரையின் திகதியைத் திருப்பி வைக்கிறவள் அவள் என்பதை நான் யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் முறை பிசகாமல் ஓடியது. என் கிழமைகளில் பருப்பு, அவள் கிழமைகளில் சாப்பாடு. இதற்கிடையில் எங்கள் பாடசாலை அதிபர் யாகோப்பு, எந்த வகுப்புக்கு எப்போது எந்தப் பாடம் என்கிற நேரசூசியையும் கொம்பியூட்டரில் போடலாமோ என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்து பாருங்கோ சேர், புதுவருசத்தன்று மத்தியானச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான் என்று அழைத்துவிட்டேன். எப்படியும் அவளுடைய வாரம்தானே.

மார்கழி முப்பத்தொன்று காலை. ஞானாம்பிகை கையில் பை. கொடிகாமத்தில் இருக்கிற தமக்கை மகாதேவி வீட்டுக்குப் போகிறாளாம். லீவு போட்டாயிற்றாம். எப்போது போட்டது என்று கேட்டேன். நான் புரோகிராமைக் காட்டினதற்கு அடுத்த நாளாம்.

"உம்முடைய முறையெல்லோ?" என்று கத்தினேன்.

"ஓம், என்ரை முறைதான். எட்டு நாளும் நான்தான் சமைப்பன். அக்கா வீட்டிலை. உங்கடை மிசின் வாரத்தைத்தானே சொன்னது, எந்தக் குசினி எண்டு சொல்லேல்லையே."

பஸ் போய்விட்டது.

மறுநாள் அதிபரும் வந்தார், அவர் மனைவியும் வந்தா. சோறு குழைந்திருந்தது. கத்தரிக்காய் கருகியிருந்தது. அதிபர் மரியாதைக்கு இரண்டு வாய் வைத்துவிட்டு, கொம்பியூட்டரைக் காட்டச் சொன்னார். அன்றைய திகதியைக் கொடுத்தேன். முதலாவது வாரம், சமையல் ஞானாம்பிகை என்று திரையில் விழுந்தது. அவர் திரையைப் பார்த்தார். என் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், உது மனிசியின்ரை முறை எண்டெல்லோ காட்டுது?"

எனக்கு இரண்டே வழி. மனைவி ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லலாம். அல்லது என் கணக்கு பிழை என்று சொல்லலாம். அதிபரின் மனைவி வேறு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தா. நான் என் கணக்கைக் கொன்றேன்.

"புரோகிராமிலை ஒரு சின்னப் பிழை, சேர்."

அப்படியென்றால் நேரசூசியை வழமைபோலக் கையாலேயே எழுதுவோம் என்று சொல்லிவிட்டு அவர் எழும்பினார். ஒரு பிழையும் இல்லாத புரோகிராம் ஐயா அது! ஒரு நாள்கூடப் பிசகாது! அடுத்த ஆறு நாளும் இதை நான் பருப்புச் சட்டிக்குத்தான் சொன்னேன்.

தை எட்டாம் திகதி காலையில் ஞானாம்பிகை வந்து இறங்கினாள். இனியாவது வாய்க்கு ருசியாக ஏதும் கிடைக்கும் என்று வாசலுக்கே போய்ப் பையை வாங்கினேன். அவள் நேரே போய் ரீவியைப் போட்டாள். திகதியைத் தானே தட்டினாள். இரண்டாவது வாரம். என் பெயர்.

கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"புரோகிராமிலை பிழை எண்டு சொன்னீங்களாமே, அதிபரின்ரை மனிசி பஸ்ஸிலை சொன்னவ. எனக்கெண்டால் சரியாத்தான் காட்டுது. தேத்தண்ணியைக் கொண்டு வாங்கோ."