ஊஞ்சல்காரிக்குக் கறுப்புப் பாவாடை

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அழுத பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் வந்த மாப்பிள்ளையைப் பிடித்துப்போய், மனசுக்குள் சரி என்று சொல்லி முடித்த கையோடு, இன்னொரு ஆம்பளையின் பேரைச் சொல்லித் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த ஆம்பளையை நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில் எங்கேயோ இருந்த ஓவியர். அவருடைய உண்மையான பேர்கூட அப்போது எனக்குத் தெரியாது. நானாக ஒரு பேர் வைத்திருந்தேன். (வைத்ததுதான் வைத்தேன், கொஞ்சம் நல்ல பேராக வைத்திருக்கலாம்.)

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஃபிளிப்பர் மிஷின் நிற்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பின்பால் என்பார்கள். புதுச்சேரியில் பிரான்ஸ் போய்வந்தவர்கள் வாயில் அது ஃபிளிப்பர்தான். சாய்வான ஒரு மேஜை, அதற்குள் ஓடும் இரும்புக் குண்டு, பக்கத்துக்கு ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் உள்ளே இரண்டு சின்னக் கைகள் குண்டைத் தட்டிவிடும். குண்டு எதில் மோதினாலும் மணி அடிக்கும். மேஜையின் தலைமாட்டில் ஒரு பெரிய கண்ணாடி நிமிர்ந்து நிற்கும், அதில் ஒரு படம். பின்னாலிருந்து பல்பு எரிந்தால் அந்தப் படத்துக்கு உயிர் வந்துவிடும். எல்லாரும் குண்டைப் பார்த்து ஆடுவார்கள். நான் படத்தைப் பார்க்கிற ரகம்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடும் கிளப்புக்குப் போவார். அவர்கள் சீட்டாடுவார்கள், எனக்கு ஒரு பன்னீர் சோடா. அங்கே சுவரோரமாக நாலு ஃபிளிப்பர் நின்றன. அவற்றை நான் தொடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ("பொட்டப் புள்ளைக்கு என்னா ஆட்டம்?") அதனால் சோடாவை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பார்க்கப் பார்க்க, இதை வரைந்த கை வேறு, அதை வரைந்த கை வேறு என்று தெரிய ஆரம்பித்தது.

ஒருத்தர் படத்தில் எல்லாருக்கும் மூக்கு அநியாயத்துக்குக் கூர்மை. அவருக்கு மூக்கன் என்று பேர் வைத்தேன். இன்னொருத்தருக்குப் பெண்களின் தலைமுடியில் மட்டும்தான் அக்கறை, கை காலெல்லாம் ஏனோதானோ. அவர் சவுரிக்காரர். மீதி இரண்டையும் வரைந்தவர்தான் என் ஆள். அவர் படத்தில் ஊரே அமர்க்களப்படும், ஒரே ஒரு ஆள் மட்டும் எங்காவது ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருப்பார். குதிரைப் பந்தயப் படத்தில் ஜனம் முழுக்கக் கத்துகிறது, ஒரு கிழவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்குகிறார். சர்க்கஸ் படத்தில் சிவப்பு உடை போட்ட ஒருத்தி ஊஞ்சலில் பறக்கிறாள், கோமாளி வாயைப் பிளக்கிறான், யானைகூட அண்ணாந்து பார்க்கிறது. கீழ் மூலையில் தொப்பி வைத்த ஒரு குண்டு அம்மா கன்னத்தில் கைவைத்துத் தூங்குகிறாள். இவருக்கு நான் வைத்த பேர் தூக்கத்தார்.

அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே கிடையாது. கண்ணாடியில் இருப்பது அச்சு. அதற்கு முன்னால் அவர் தன் கையால் தீட்டிய மூலப்படம் ஒன்று எங்கேயாவது இருக்கும் இல்லையா, அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கோயிலில் எல்லாரும் பரீட்சைக்கும் வேலைக்கும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நான் அதற்காக ஏற்றினேன். மாதாவே குழம்பிப் போயிருப்பார்.

கிளப்பை மூடியபோது மூன்று மிஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. நான் அழுத அழுகையில் அப்பா சர்க்கஸ் மிஷினை மட்டும் வீராம்பட்டினத்து மீன் டெம்போ ஒன்றில் ஏற்றிக்கொண்டுவந்து ஹாலில் இறக்கினார். வீடு பல நாள் கவுச்சி நாறியது. அம்மா அப்போதிருந்தே அந்த ஊஞ்சல்காரியைச் சக்களத்தியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

வளர்ந்து, ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் டிசைனராக வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பிரான்ஸ் மாப்பிள்ளை வந்தார். எங்கள் கோயில் உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். பேர் எமானுவேல். பாரிசுக்குப் பக்கத்தில் வேலை. லீவுக்குத் தாயாரோடு வந்து கருவடிக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பிரான்ஸ் மாப்பிள்ளை என்றால் அதற்கப்புறம் கேள்வியே கிடையாது. அம்மா திரைச்சீலை முதல் கால்மிதி வரை எல்லாவற்றையும் மாற்றினாள். கடைசியில் ஃபிளிப்பரிடம் வந்து நின்றாள்.

"இத்தத் தூக்கி உள்ள போடுங்க. அவ காலு ரெண்டும் பளபளன்னு எரியுது. மாப்ளயோட அம்மா தெனம் ஜெபமாலை சொல்ற பொம்பள."

"அவங்க பாரிசுல இருக்கறவங்கடி. இதெல்லாம் அவங்களுக்குச் சாதாரணம்" என்றார் அப்பா.

"பாரிசுல இருந்தா காலு தெரியலாமா?"

"மிஷினு எரியணும். மாப்ள உள்ள நொழஞ்சதும் அத்தப் பாத்துத்தான் அசந்து போவணும். அவ்ளோதான்."

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வீட்டில் படித்த புத்திசாலி நான் இருக்கும்போது என்ன கவலை? பிரச்சினை காலில் இல்லை, கால் எரிவதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கண்ணாடியைக் கழற்றி, ஊஞ்சல்காரிக்கு நேர் பின்னால் கறுப்புச் சார்ட் பேப்பரை வெட்டி ஒட்டிவிட்டால் வெளிச்சம் வராது. படம் முழுக்க ஜொலிக்கும், அவள் இடுப்புக்குக் கீழே மட்டும் இருட்டாக இருக்கும். கறுப்புப் பாவாடை கட்டிய மாதிரி. அப்பாவுக்கு விளக்கு, அம்மாவுக்கு மானம்.

கடையிலிருந்து இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்தேன். உறுதியாக இருக்கட்டும் என்று பாவாடையை மார்பு வரைக்கும் ஏற்றி, இடைவெளியே இல்லாமல் டேப் போட்டேன். இந்தக் கண்ணாடிகளில் படம் பின்பக்கத்தில்தான் அச்சாகி இருக்கும், வெறும் பெயிண்ட், அதுவும் வயசான பெயிண்ட். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே அதன் மேல் டேப்பை ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தும் விட்டேன். (அந்த நேரத்தில் யாராவது என்னை ஒரு அறை விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.)

மறுநாள் சாயங்காலம் வந்தார்கள். அப்பா காலையிலேயே மிஷினைப் போட்டுவிட்டார். உள்ளே பல்புகள் தகதகவென்று காய்ந்துகொண்டிருந்தன. நான் பட்டுப் புடவையில் காபித் தட்டோடு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, கோயில் பாட்டுக் குழுவில் இருக்கிறேனா என்று கேட்டார். இருக்கிறேன் என்றாள் அம்மா. (இல்லை.) தினமும் பூசைக்குப் போவாளா? போவாள் என்றாள் அம்மா. (ம்ஹூம்.)

மாப்பிள்ளை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிளிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடிக்கு முன்னால் குனிந்தார். எனக்குப் பாவாடையை நினைத்துப் பகீரென்றது. அவர் பார்த்தது அவளை இல்லை.

"இந்த அம்மாவப் பாருங்களேன்" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இவ்வளவு கூத்து நடக்குது, இவங்க பாட்டுக்குத் தூங்குறாங்க."

அத்தனை வருஷத்தில் அந்த மிஷினை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. கால் தெரிகிறது என்று சொன்னவர்கள் உண்டு, யானைக்கு வால் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. அந்த அம்மாவைப் பார்த்தவர் ஒருத்தர் கிடையாது. "இவர் எப்பவும் அப்படித்தான் வரைவாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "எல்லாப் படத்துலயும் ஒருத்தரைத் தூங்க வெச்சிடுவாரு."

"அப்படியா?" என்றார். உண்மையாகவே கேட்டார். தான் சின்ன வயசில் அப்பாவோடு போகும் காபிக்கடையில் ஒரு ஃபிளிப்பர் இருந்தது, அதிலும் யாராவது தூங்கினார்களா என்று இப்போது ஞாபகம் வரவில்லையே என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துக்கே நான் கழுத்தை நீட்டத் தயாராகிவிட்டேன். பிரான்ஸாவது ஒன்றாவது, இவர் காலாப்பட்டில் கூரை வீட்டில் இருந்தாலும் சரி என்று தோன்றியது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆடுங்க மாப்ள! சும்மா ஆடுங்க!"

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆடினார். நன்றாகவே ஆடினார். மணி அடித்தது, நம்பர் ஏறியது, உபதேசியார்கூட எழுந்து வந்து நின்றார். குண்டு நடுவில் விழப் போன நேரத்தில், காபிக்கடைப் பழக்கம் போல, மிஷினை இடுப்பால் ஒரு இடி இடித்தார். உள்ளே சர்ரென்று ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது.

காலையிலிருந்து காய்ந்த சூட்டில் பெயிண்ட் ஏற்கெனவே கண்ணாடியை விட்டு எழும்பியிருக்கிறது. அந்த ஒரு இடியில் கறுப்புப் பாவாடை கழன்று விழுந்தது. தனியாக விழவில்லை. ஊஞ்சல்காரியின் சிவப்பு உடை, இடுப்பு, கால் எல்லாவற்றையும் உரித்துக்கொண்டு விழுந்தது. மேலே அவள் முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே வெறும் கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு பல்பு, எங்கே எரியக் கூடாதோ சரியாக அங்கே, ஜெகஜ்ஜோதியாக எரிந்தன.

மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "பாரிசுலகூட இந்தக் கண்றாவிய நான் பாக்கல!" என்றார்.

அம்மா ஓடிவந்து முந்தானையை விரித்து மிஷினை மறைத்தாள். அந்த நேரத்தில் நான் தலையைக் குனிந்து உள்ளே போயிருந்தாலும் ஒருவேளை தப்பித்திருக்கலாம். எங்கே? மணப்பெண் என்பதே எனக்கு மறந்துவிட்டது. "யார் உங்கள இடிக்கச் சொன்னது?" என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினேன். அப்படியே பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து, "ஐயோ, என் தூக்கத்தாரே! உங்கள இப்படிப் பண்ணிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.



"யாரு அவரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா முந்திக்கொண்டாள். சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, பல்லைக் காட்டி, "ஒண்ணும் இல்லீங்க. அவரு செத்துட்டாரு" என்றாள்.

அதற்கப்புறம் யாரும் முறுக்கைத் தொடவில்லை. எல்லாரும் செருப்பைத் தேடும்போது மாப்பிள்ளை மட்டும் என் பக்கத்தில் குந்தி, தரையில் சிதறிக் கிடந்த சிவப்புத் துகள்களைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "ஸாரிங்க" என்றார். கண்ணாடியின் கீழ் மூலையைக் காட்டி, "அவங்களுக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. தூங்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய அம்மா கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து உபதேசியார் வந்தார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். மனசு வேற எங்கியோ இருக்குதுன்னு மாப்ளயோட அம்மா நெனைக்கறாங்க" என்றார். தூக்கத்தார் யார் என்று அப்பா விளக்கப் பார்த்தார். ஒரு படக்காரருக்காகவா பெண் இப்படி அழும் என்று உபதேசியார் கேட்டதில், விளக்கம் இன்னும் மோசமாகப் போயிற்று.

ஊஞ்சல்காரிக்கு நானே ஒரு உடம்பு டிசைன் பண்ணி, ஃபிளெக்ஸில் அடித்து ஒட்டிப் பார்த்தேன். வரவேற்பு பேனரில் கும்பிடுகிற அம்மாள் ஊஞ்சலில் தொங்குவது போல இருந்தது. அன்றைக்கே கிழித்துவிட்டேன். இன்றைக்கும் அவள் இரண்டு பல்போடுதான் பறக்கிறாள். சிவப்புத் துகள்களை ஒரு பழைய ஜெபமாலை டப்பியில் வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் வந்த வரன்களில் ஒருத்தராவது அந்தக் கீழ் மூலையைப் பார்க்கிறாரா என்று காத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. நானும் கழுத்தை நீட்டவில்லை. எமானுவேலை நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

வீட்டில் மட்டும் கேலிக்குக் குறைவில்லை. யாராவது புதுப் புடவை கட்டினால், "டேப்பு போட்டியா?" என்பான் அண்ணன். என் போன் அடித்தால் போதும், யாரென்று கேட்காமலே அண்ணியிலிருந்து அவர்கள் வீட்டு வாண்டு வரை ஒரே குரலில், "அவருதான் செத்துட்டாரே!"

போன மாதம் தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அதே சர்க்கஸ். ஆனால் கண்ணாடி இல்லை. பலகையில் தீட்டிய படம், தூரிகை இழுத்த தடம்கூடத் தெரிந்தது. ஊஞ்சல்காரி தலை முதல் கால் வரை முழுசாக, சிவப்பு உடையில் இருந்தாள். கீழே எழுதியிருந்தது: "எமானுவேல். உங்க அண்ணன்கிட்ட நம்பர் வாங்கினேன். இங்க ஒரு கண்காட்சியில உங்க தூக்கத்தாரோட மூலப்படத்தப் பாத்தேன். கீழ் மூலையப் பெருசு பண்ணிப் பாருங்க. அவங்க தூங்கல."

பெரிதாக்கினேன். தொப்பி வைத்த அம்மா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண், அச்சில் விழாத அளவுக்கு மெல்லிசாக, கொஞ்சம் திறந்திருந்தது. அந்தக் கண்ணால் அவள் ஊஞ்சல்காரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான் யாருக்காக அன்று அழுதேன் என்று அந்த ஹாலில் எமானுவேல் ஒருத்தருக்கு மட்டும் புரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடி போன்ல?"

"தூக்கத்தார்" என்றேன்.

"அவருதான் செத்துட்டாரே" என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பி வந்து, கதவில் சாய்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒன் நம்பரக் கேட்டாருன்னு அண்ணன் சொன்னான். அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டியா?"