அரைப்பேர் சார்

மலையகத்துக்குப் படித்தவர்கள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயாவுக்குக் காய்ச்சல் என்றதும் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தவர் அரைப்பேர் சார் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சம்பள ஆய்வு செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். பட்டம் வாங்கிய சூட்டோடு நானும் உதவியாளாக ஒட்டிக்கொண்டேன். முதல் நாளே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மாரியாயி அக்காவை மறித்தார்.

"அம்மா, உங்கட பேர் என்ன?"

"அரைப்பேருங்க."

"முழுப்பேரைச் சொல்லுங்கோ."

"குடுத்தா சொல்ல மாட்டோமா சார்!"

மடுவமே சிரித்தது. எங்கள் ஊரில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். அன்றைக்கே அவருக்கும் அந்தப் பேர் விழுந்தது.

நுவரெலியாவில் இருந்த எங்கள் ஆய்வு நிலையப் பணிப்பாளருக்கு ஆய்வின் முடிவு முன்கூட்டியே தெரியும்: சோம்பல், ஆகவே குறைந்த நேரம் வேலை, ஆகவே குறைந்த சம்பளம். இதைக் கேட்டாலே சார் குடையால் தரையைக் குத்துவார்.

"நேரம் சம்பளத்தைக் குறைக்குதோ, சம்பளம் நேரத்தைக் குறைக்குதோ? அரைப்பேர்தான் எண்டு தெரிஞ்சா எந்த மனுசி மலையில நிப்பாள்? மத்தியானத்தோட மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிடுவாள். ரெண்டும் ஒண்டையொண்டு இழுக்குது, தம்பி!"

முடிச்சை அவிழ்க்க, நேரத்தை மட்டும் அசைத்துச் சம்பளத்தை நேராகத் தொடாத ஒரு காரணம் வேண்டுமாம். முதலில் மழையைப் பிடித்தார்: பெய்தால் வேலை நேரம் குறையும். ஒரு கிழமை நனைந்த பிறகு, "சனியன், மழை பெஞ்சா கொழுந்துமெல்லோ வளருது, சம்பளத்தையும் தொடுதே" என்று வானத்தை ஏசினார். அடுத்துத்தான் ஆயா. அவள் படுத்தால் பிள்ளைக் காம்பரா பூட்டு. பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுத் தாய்மார் மலைக்குப் பிந்துவார்கள். சார் தினமும் ஆசையோடு சுகம் விசாரிக்கப் போனார்.

"என்னைய பாடையில ஏத்தத்தான் தெனமும் வந்து பாக்குறீங்களா?" என்று ஆயா பால் அகப்பையோடு லயத்து வீடுகளைச் சுற்றி விரட்டினாள். ஒரு அடி விழுந்தது.

ஆனால் விடையும் விழுந்தது. காம்பரா பூட்டிய நாளிலும் அதே பெண்கள், அதே கை. கொஞ்சம் பிந்தினால் கிலோ கொஞ்சம் குறைகிறது, சம்பளமோ பாதியாகிறது. நின்று உழைத்த மணிக்கும் சேர்த்துத் தண்டம். இதில் சோம்பல் எங்கே?

பணிப்பாளர் பழைய முடிவையே நீட்டினார். "கையெழுத்துப் போட்டா வேலை தொடரும். இல்லாட்டி மாசக் கடைசியோட வீட்டுக்குப் போகலாம்."

சண்டைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சாருக்கு வீடு மிஞ்சவில்லை என்பது பணிப்பாளருக்கும் தெரியும்.

"அகப்பையால அடி வாங்கினது இதுக்கே?" என்று பேனாவை மூடினார் சார்.

அவர் பெட்டி கட்டிய கிழமையே அறிக்கை அச்சாகி வந்தது. சோம்பல் பத்திரமாக இருந்தது. உதவியவர்கள் பட்டியலின் அடியில் சாருடைய முதலெழுத்து மட்டும். பஸ் நிறுத்தத்தில் மாரியாயி அக்கா கேட்டாள்:

"புஸ்தகத்துல பேரு போட்டாங்களா சார்?"

"அரைப்பேர், பிள்ளை."

"அதுக்கா இம்புட்டு ஒழைச்சீங்க? பேசாம எங்களோட கொழுந்தெடுக்க வந்துருங்க!"

அவருடைய முழுப்பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுதலாம்தான். ஆனால் மாரியாயி அக்காவுக்கு இன்னும் அரைப்பேர்தான் விழுகிறது. அவளுக்கு முன்னால் சார் முழுப்பேர் வாங்கமாட்டார்.