வெள்ளிப் புள்ளி அருள்

சனிக்கிழமை காலையானால் போதும், அந்த ஷட்டர் கொட்டகைக்கு முன்னால் கார்கள் தெருமுனைவரை நிற்கும். எல்லாம் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றுகிற டர்போ வைத்த கார்கள். அதுவும் போதாதென்று, சொந்தக்காரர்கள் கூடுதல் அழுத்தம் ஏற்றி வேகம் கூட்டியவை. வரிசையில் பாதிப் பேர் பொறியியல் படித்தவர்கள். படிப்பு வேறு, புத்தி வேறு என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

உள்ளே வீற்றிருப்பவர் பிளக் ஐயா. வெள்ளை உடுப்பில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. எஞ்சினோடு புழங்குகிற மனிதன் இத்தனை சுத்தமாக இருந்தால் ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. "அழுக்கு அவரை அண்டாது" என்றார்கள்.

ஐயா பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். தீப்பொறி போடுகிற ஸ்பார்க் பிளக்கில் தனக்கு எந்த ரகம் வேண்டும் என்பதை எஞ்சினே அவரிடம் சொல்லிவிடும். வேடிக்கை என்னவென்றால், எல்லா எஞ்சினும் ஒரே ரக எண்ணைத்தான் சொல்லும். பின்கட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததும் அந்த ஒரே எண்தான். எஞ்சின்களுக்கு எவ்வளவு அனுசரணை பாருங்கள்.

அந்தப் பிளக்கை மாட்டி ஒரு மாதம் ஓட்டிவிட்டு, கழற்றிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதன் வெள்ளைப் பீங்கானில் பொடிப் பொடியாக வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் அது அருள் முத்திரை. எத்தனை புள்ளியோ அத்தனை அருள். "எனக்கு ஏழு", "எனக்கு ஒன்பது" என்று கைக்குட்டையை விரித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

அந்த வரிசையில் நிற்கிற ஒரு பஸ் டிரைவருக்குப் பதினொன்று. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா? பதினொண்ணு!" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறை மேசையில் பிளக்கை வைத்தார்.

அவர் மனைவி குழாய் வேலை செய்கிறவள். அடைத்த குழாய்க்குள் ஒல்லிக் கேமராவை விட்டு, அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். பிளக்கை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வெள்ளி எங்கேருந்து வந்துச்சு?"

"அதான் அருள்."

"பெட்ரோல்ல வெள்ளி கிடையாது, காத்துலயும் கிடையாது. சிலிண்டருக்குள்ள மிச்சம் இருக்கிறது பிஸ்டன்தான். அது அலுமினியம். வாங்க, கேமராவ விட்டுப் பாத்துரலாம்."

"அருள் பட்ட இடத்துல சாக்கடைக் கேமராவா!" டிரைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிளக் மாட்டின அன்னைக்கே வண்டி வெண்ணெயாட்டம் ஓடுச்சே, அது பொய்யா?"

பொய் இல்லை. அதனால்தான் அவளும் பிளக்கை மேசையிலேயே திருப்பி வைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கார்ப் பந்தயம். மூன்று வருஷம் லீவு நாளெல்லாம் அவர் கையால் கட்டிய எஞ்சின் அது. விளக்குப் பிடித்தவள் அவள். முழு அழுத்தத்தில் ஓடி அது வெடித்தால், மனிதர் அதோடு உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவளும் கூடவே வந்தாள். ஐயாவிடம் தங்கள் முறை வந்ததும் தன் பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்து நீட்டினாள். பீங்கான் முழுக்க வெள்ளி மினுமினுத்தது.

ஐயா கண்ணை மூடினார். "ஆகா! ஆறு சிலிண்டர். இவ்வளவு அருளை நான் பாத்ததே இல்லைம்மா. எந்த வண்டி?"

"வண்டி இல்லைங்க. எங்க வீட்டு ஓட்டை அலுமினியச் சட்டி. அரத்தால ராவி, அந்தத் தூளைத் தீயில காட்டி ஒட்டவெச்சேன்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா மட்டும் அசரவில்லை. "சட்டிக்கும் ஆத்மா உண்டும்மா" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள்.

டிரைவர் தலையாட்டவில்லை. சட்டியையும் தன் எஞ்சினையும் ஒரே தட்டில் வைத்துவிட்டானே என்று அவருக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று போய்ப் பானட்டைத் திறந்து, தானே பிளக்கைக் கழற்றினார். "விடு உன் கேமராவ."

பிளக் இருந்த ஓட்டை வழியே கேமரா உள்ளே போக, அவள் போன் திரையில் பிஸ்டன் தெரிந்தது. விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி அரித்திருந்தது. கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது.

"முதல் நாள் நல்லா ஓடினது நிஜம்" என்றாள் அவள். "டர்போ காத்த அமுக்குறப்ப பிளக் முனையில இடைவெளி அகலமா இருந்தா தீப்பொறி அணைஞ்சுபோகும். இவர் பின்கட்டுல அந்த இடைவெளியக் குறுக்கித் தர்றாரு. அதை நீங்களே அஞ்சு நிமிஷத்துல பண்ணலாம். ஆனா பிளக் சூட்டையும் வெளிய கடத்தணும். இது டர்போ இல்லாத சாதுவான வண்டிக்குச் செஞ்ச பிளக். உங்க வண்டி சூட்டை இதால கடத்த முடியல. பிஸ்டன் உருகித் தெறிக்குது."

"நம்பிக்கை இல்லாதவங்க கேமராவுல அப்படித்தான் தெரியும்" என்றார் ஐயா.

"நம்பிக்கை உள்ளவன் நான் பாக்கிறேன்யா!" என்று டிரைவர் கத்தினார். "எனக்கும் அப்படித்தான் தெரியுது!"

அதோடு நிற்கவில்லை. பின்கட்டில் நின்ற ஐயாவின் சொந்த டர்போ காரை நோக்கி நடந்தார். ஐயா குறுக்கே ஓடிவந்தார். வெள்ளை உடுப்பில் அன்றுதான் முதல் கிரீஸ் பட்டது. அந்தக் காரிலிருந்து டிரைவர் கழற்றிய பிளக்கில் வேறு எண், சூட்டை நன்றாகக் கடத்துகிற ரகம். பீங்கானில் ஒரு புள்ளி இல்லை.

"என்னய்யா, உனக்கு மட்டும் அருள் கிடைக்கலையா?"

கூட்டம் ஐயாவைச் சூழ்ந்தது. டிரைவர் தன் காருக்குத் திரும்பி, விளிம்பு போன பிஸ்டனை மறுபடி பார்த்தார். நாளைக்குப் பந்தயத்தில் ஓட முடியாது. ஆனால் எஞ்சின் பிழைத்தது. "நேத்தே நீ சொன்ன" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். வெட்கத்தில் அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பொறியாளர் கைக்குட்டையோடு தயங்கித் தயங்கி வந்தார். "எனக்குப் பதினாலும்மா. இதுல ஒண்ணு ரெண்டாவது நிஜ அருளா இருக்காதா?"

"பதினாலும் நிஜந்தாண்ணே" என்றாள் அவள். "நீங்க யோசிக்காம விட்ட ஒவ்வொரு தடவைக்கும் பிஸ்டன் தன் சதையப் பிச்சு உங்களுக்குக் கணக்குக் காட்டியிருக்கு. பதினஞ்சாவது வர்றதுக்குள்ளயாவது யோசிங்க."