காற்று புகாத டெல்மர்

மனிதர்களில் ஓட்டை அடைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வெயில் ஊர் என்பதால் அவருக்கு வேலை குறைவு, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த இனத்தைக் கொழுகொழுவென்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் வட டகோட்டாவுக்கு வாருங்கள், அதுவும் ஜனவரியில் வாருங்கள், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே டிரெய்லர் வீடுகள் வரிசையாக நிற்கும் மைதானத்துக்கு வாருங்கள். வந்தபின் தேடி அலைய வேண்டாம். அவரே வருவார். கையில் மெழுகுவர்த்தியோடு வருவார்.

டிரெய்லர் வீடு என்றால் மாடி, கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் ஏரிக்கரைக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற பெட்டி அது. நான்கு சக்கரம், ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பிஸ்கட் டப்பா கனத்தில் சுவர். அதில் போய் மைனஸ் முப்பதில் யாராவது குடியிருப்பார்களா? இருப்பார்கள். கிணற்றில் வேலை இருக்கிறது, ஊரில் வாடகைக்கு வீடு இல்லை, என்ன செய்வார்கள்?

நம்முடைய ஆள் டெல்மர் ஸ்கோக்ஸ்டாட். கிணறுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், அதில் மறுபேச்சே வேண்டாம். பெண்டாட்டி வெர்னா முதல் தடவையாக அந்த வருடம்தான் அவரோடு குளிர்காலத்தைக் கழிக்க வந்திருந்தாள். வந்த இடத்தில் அவளுக்கு ஒரு தொல்லை. காலையில் அவள் எழுந்தால் தலை எழாது. தூக்கத்தில் விடுகிற மூச்செல்லாம் கட்டிலோரச் சுவரில் ஈரமாகப் படியும், விடியும் முன்னே கேஸ் தீர்ந்து ஹீட்டர் அணைந்துபோகும், ஈரம் பனிக்கட்டியாகும், ஆகும்போது சும்மா ஆகாமல் அவள் தலைமுடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டெல்மர் வெந்நீரும் சீப்புமாக வந்து, போஸ்டர் கிழிக்கிற பக்குவத்தில், மனைவியைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுப்பார்.

மூன்றாம் முறை பெயர்த்தெடுத்தபோது அவள் சொன்னாள்:

“இன்னொரு வாட்டி என் முடி சுவத்துல ஒட்டுச்சுன்னா நான் டூசான்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன், டெல்மர். பனி உருகினப்புறம் வந்து கூப்பிட்டுக்கோ.”

டூசான் பாலைவனத்து ஊர். அங்கே ஜனவரியில் மரத்தில் ஆரஞ்சு தொங்கும். வட டகோட்டாக்காரர்களுக்கோ கத்தத் தெரியாது, திட்டத் தெரியாது. மூக்கு நுனி கறுத்து விழப்போகிற குளிரைக்கூட “இன்னிக்குக் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்குல்ல” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி டூசான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிப் பெட்டியைக் கட்டிவிட்டாள் என்று அர்த்தம். டெல்மருக்கு அது புரிந்தது. வெர்னா இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து டப்பாவில் அடைத்த பீன்ஸைத் தின்று ஒரு குளிர்காலத்தைத் தள்ளியவர் அவர். இன்னொன்றை அவரால் தள்ள முடியாது.

ஆகவே அடைக்கத் தொடங்கினார்.

டிரெய்லருக்கு அடியில் காற்று புகாமல் சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கினார். கட்டுகளுக்கு மேல் தெர்மகோல் பலகை, பலகைக்கு மேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேல் அள்ளிக் கொட்டிய பனி. ஜன்னல்களுக்கு அலுமினியத் தாள், தாளுக்கு மேல் பிளாஸ்டிக் தாள், அது மேளத்தோல் மாதிரி விறைக்கும்வரை அதன்மேல் வெர்னாவின் ஹேர் டிரையர். கூரை ஜன்னலில் தலையணை, அந்தத் தலையணைக்கு ஒரு தலையணை. தண்ணீர்க் குழாய்க்குச் சூடேறும் வயர், வயருக்குக் கம்பளி, கம்பளிக்குத் தன்னுடைய பழைய உள்காற்சட்டை. அதோடு விட்டாரா? மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்தார். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. சுடர் சாயாவிட்டால் வெர்னாவிடம் திரும்பி, “நீ மூச்சு விடாதே, குழப்புது” என்பார்.

ஒரே ஒரு துளையை மட்டும் வெர்னா தொடவிடவில்லை. அடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றுத் துளை. கேஸ் எரிகிற வீட்டில் மூச்சுவிட வழி வேண்டும், விடிந்தால் உயிரோடு எழ வேண்டும் என்பது அவள் கட்சி. இந்த விஷயத்தில் அவள் மலை. டெல்மருக்கோ அந்தத் துளை தொண்டையில் சிக்கிய முள். கேஸ் ஏன் தீர்கிறது? அந்தத் துளை. வெர்னாவின் முடி ஏன் ஒட்டுகிறது? அந்தத் துளை. லாரி ஏன் காலையில் கிளம்பவில்லை? யோசித்துப் பார்த்தால் அதற்கும் அந்தத் துளைதான்.

ஆனால் கேஸ் எங்கே போனது என்று வெர்னாவுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அங்கே விருந்தாளி யாரும் எழுந்தவுடனே போய்விடுவதில்லை. அப்படிப் போனால் சண்டை போட்டுக்கொண்டு போவதாக அர்த்தம். முதலில் இரண்டு தொடையிலும் தட்டி, “சரி, அப்போ...” என்பார். சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருப்பார். பிறகு எழுவார், எழுந்து நின்று கோதுமை விலை பேசுவார். பிறகு கோட்டு மாட்டுவார், மாட்டியபடி யாருடைய முழங்கால் வலியையோ விசாரிப்பார். பிறகு கதவைத் திறப்பார். திறந்த கதவில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டுதான், ஐயா, உண்மையான பேச்சே ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விருந்தாளியிடம் கதவைச் சாத்து என்று சொல்வதா? அந்த ஊரில் அதற்குப் பதில் அவர் காலை மிதிக்கலாம்.

பெரிய வீடுகளில் இது பரவாயில்லை, கதவுக்கு முன்னால் ஒரு நடை இருக்கும். டிரெய்லரில் கதவைத் திறந்தால் கட்டில்.

இப்போது யோசியுங்கள். டெல்மர் அடைத்த அதிசயத்தைப் பார்க்க மைதானமே திரண்டு வந்தது. சாயங்காலம் தவறாமல் ஒருவர் வருவார், வெந்நீரைவிடக் கொஞ்சம் கறுப்பான அந்த ஊர்க் காப்பியை மூன்று தடவை மறுத்துவிட்டு நான்காம் தடவை வாங்கிக் குடிப்பார், தொடையைத் தட்டுவார். டெல்மர் கதவைப் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்று, வைக்கோல் கட்டை எந்தப் பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும் என்று விளக்குவார். உள்ளே ஹீட்டர் மூச்சுவாங்கும். கட்டிலில் வெர்னா கோட்டு, தொப்பி, கையுறை சகிதம் உட்கார்ந்து, சூடு புகையாக அவர் காலிடுக்கில் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், வந்தவர் போனபிறகு, சொல்லியும் பார்த்தாள். டெல்மர் புண்பட்டுப் போனார்.

“கதவைப் போய் ஓட்டைன்னா எப்படி வெர்னா? கதவு கதவுதானே?”

இதுதான் அந்த இனத்தின் வேதம். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர் வைத்தது ஓட்டை. தான் நிற்கிற இடம் கதவு.

அந்த வருடத்தின் மிகக் கொடிய குளிர் வருகிறது என்று ரேடியோ சொன்ன நாள் வந்தது. டெல்மர் கூரைத் தலையணைக்குப் பின்னால் கையளவு அலுமினியத் தாள் ஒன்றைப் புதிதாகச் செருகிவிட்டு, இனி எறும்பு தும்மினாலும் உள்ளே கேட்காது என்றார். சாயங்காலம் எதிர்வரிசை லைலும் அவர் மனைவி ஆர்டிஸும் உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட பதார்த்தத்தோடு வந்தார்கள். சாப்பிட்டார்கள். லைல் தொடையைத் தட்டினார். எழுந்தார். கோதுமை வந்தது, முழங்கால் வந்தது. கதவு திறந்தது.

வெர்னா சிலிண்டரை நினைத்தாள். அது இருந்தது ஒன்றுதான். மாற்று சிலிண்டர் காலையில்தான் வரும். கட்டிலோரச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். நாளைக் காலை தன் தலை அங்கே இருக்கும், நாளை மாலை டூசான் பஸ்ஸில் தான் இருப்போம் என்பது கண்ணெதிரே தெரிந்தது. அவளுக்குப் போக ஆசையில்லை. அதுதான் கோபம். இந்த மனிதரோடு இருக்கத்தானே வந்தாள்?

எழுந்தாள். டெல்மரின் கோட்டை எடுத்து அவர் தோளில் போட்டாள், காதுவரை தொப்பியை இறக்கினாள், சேற்றுக்குப் போடுகிற பூட்ஸில் காலை விடச் சொன்னாள். லைலை வழியனுப்பத்தான் என்று நினைத்து அவரும் விட்டார். பிறகு மூன்று பேரையும் சேர்த்து ஒரே தள்ளாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

மைனஸ் முப்பதில் நட்சத்திரத்துக்குக் கீழே நின்றால் விடைபெற எவ்வளவு நேரம் ஆகும்? லைலும் ஆர்டிஸும் ஒரே மூச்சில் விடைபெற்றார்கள். அந்த மைதானத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. டெல்மர் மட்டும் மிச்சம்.

“வெர்னா, கதவு சாத்திக்கிச்சு.”

“ஆமா.”

“நான் வெளியில இருக்கேன்.”

“தெரியுது. சரி, அப்போ...” என்றாள் வெர்னா உள்ளேயிருந்து, தொடையில் தட்டியபடி. “உங்கம்மா முழங்கால் இப்ப எப்படி இருக்காம்?”

“நல்லாத்தான் இருக்கு. வெர்னா—”

“லாரி கிளட்ச் பாத்தாச்சா? கோதுமை என்ன வெல போகுது?”

டெல்மர் பனியில் கால் மாற்றி நிற்பது மட்டும் கேட்டது. புருவத்தில் பனி பிடிக்கும்போது மனிதனுக்கு ஒரு தெளிவு வரும்.

“இனிமே வெளியில வந்து நின்னு பேசறேன்,” என்றார். “கதவைச் சாத்திட்டு.”

தாழ்ப்பாள் விலகியது.

மறுநாள் காலை வெர்னா எழுந்தாள். தலையும் கூடவே எழுந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டெல்மர் அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“பாத்தியா? அந்தத் தாள்தான்.”

வெர்னா காப்பி போடப் போனாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று முதல் டெல்மர் அந்தத் தாளின் மகிமையைப் பரப்ப வீடு வீடாகப் போனார். வாக்கு கொடுத்தது தன் வீட்டுக் கதவுக்குத்தானே, ஊரார் கதவுக்கு இல்லையே. ஒவ்வொரு வாசலிலும் தோளைச் சாய்த்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரை வெல்வது எப்படி என்று சாயங்காலம் முழுதும் சொன்னார். அவர் வெளியே இருந்த அந்த நேரமெல்லாம் வெர்னாவின் டிரெய்லர் இட்லிச் சட்டி மாதிரி கதகதவென்று இருந்தது. அவள் கையுறையைக் கழற்றினாள். கோட்டைக் கழற்றினாள். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றினாள்.

பிறகு மைதானத்துப் பெண்கள் ஒன்றுகூடி அவளைப் பார்க்க வந்தார்கள். காப்பியை மூன்று தடவை மறுத்தார்கள். ஆர்டிஸ் தலைமுடியில் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது; சுவரிலிருந்து பெயர்த்தெடுத்ததில் வந்தது.

“டூசானுக்கு எப்போ கெளம்பறே வெர்னா?”

“நான் எங்க போறேன்? இங்கதான் கதகதன்னு இருக்கே.”

“இல்ல, போனா நல்லதுன்னு பாத்தோம்,” என்றாள் ஆர்டிஸ், குரலை உயர்த்தாமல். “டெல்மரையும் கூட்டிக்கிட்டு.”

வாசகரே, நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இது இன்னாரைப் பற்றித்தான் என்று உங்களுக்கு உடனே ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். அதைச் சொல்லிச் சிரிக்க இப்போதே பக்கத்து வீட்டுக்குப் போவீர்கள். போங்கள். “சரி, வரேன்” என்று எழுந்தபிறகு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கை கதவில் என்று நிற்பீர்களே, அப்போது உள்ளே ஏசி ஓடுகிறதா என்று மட்டும் ஒரு தடவை காதுகொடுத்துக் கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்மணி உங்களைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டுதான் இருப்பார். உங்கள் பேச்சு அவருக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். டெல்மரும் அப்படித்தான் நினைத்தார்.