பூரணியின் மெகசின்

முதல் தோட்டா கைத்துப்பாக்கியின் மெகசினுக்குள் போய்விட்டது. இரண்டாவது போகவில்லை. பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

டிக்கோயாவில் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், ஒரு செக்யூரிட்டி கம்பனி ஐந்து பேருக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. மற்ற நான்கு ஆண்களும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்கள்தான்.

பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்தவள் அவள். பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கப் போகிறாள் என்று காலையில் அவள் குடியிருந்த தோட்டத்து லயமே திரண்டு பஸ் ஏற்றிவிட்டது. விண்ணப்பத்தை நிரப்பியவள் பக்கத்து வீட்டு தனுஷிகா. ‘ஆயுதப் பழக்கம் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘நன்றாக உண்டு’ என்று எழுதியிருந்தாள். “இல்லன்னு போட்டா கூப்பிடவே மாட்டாங்கக்கா” என்றாள்.

பயிற்சியாளர் ஜமால்தீன் அருகில் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

“முதல்ல போட்டதே பின்பக்கமா திரும்பியிருக்குங்க. தோட்டாவோட மூக்கு முன்னால பாக்கணும்.”

நான்கு பேரில் ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை என்று பூரணிக்குத் தெரிந்தது. ஜமால்தீன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அவள் அதை வெளியே எடுத்துச் சரியாகத் திருப்பி வைத்து, மேலிருந்து ஓங்கி அமுக்கினாள். தோட்டா வழுக்கிப் பறந்து, இருமியவனின் பிளேன்டீ கப்புக்குள் விழுந்தது.

“நேரா அமுக்கக் கூடாதுங்க. முன்னால வச்சு, அமுக்கிக்கிட்டே பின்னுக்குத் தள்ளணும்.” மறுபடியும் கொப்பி.

தள்ளினாள். ஆறாவதுக்குப் பிறகு ஸ்பிரிங் முரண்டு பிடித்தது. கட்டைவிரல் சிவந்து வீங்கியது. யாரும் பார்க்காதபோது வீட்டுச் சாவியை எடுத்து நெம்பினாள்.

“சாவி வேணாங்க. மெகசின் வாய் வளைஞ்சிரும்” என்றார் ஜமால்தீன், முதுகைக் காட்டி நின்றபடியே.

அவளுக்குக் காது சுட்டது. இனி ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது என்று மேசையில் இருந்த அத்தனையையும் திணித்தாள். பத்துக்கு மேல் கொள்ளாத மெகசின் பதினொன்றாவதில் இறுகி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. ஜமால்தீன் அரை மணி நேரம் போராடி அதை விடுவித்தார். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.

கடைசியில் மெகசினைத் துப்பாக்கிக்குள் செருகினாள். முதல் தடவை முன்பின்னாக. அடுத்த தடவை சரியாகத்தான், ஆனால் ‘கிளிக்’ சத்தம் வரும்வரை தள்ளவில்லை. துப்பாக்கியைப் பெருமையாகத் தூக்கியதும் மெகசின் நழுவி ஜமால்தீனின் காலில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. குனிந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“அடிப்பக்கத்த உள்ளங்கையால தட்டணும். அப்புறம் இழுத்துப் பாக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னது சரிதானுங்களே?” என்றார்.

இப்படி நக்கல் பண்ணுவதை விட ஓர் அறை கொடுத்திருக்கலாம் என்று பூரணி நினைத்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவர் முன்னால் போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“சேர், ஒரு உண்மைய சொல்லணும். அந்த ஃபோர்ம்ல எழுதியிருக்கிறது…”

“வேணாம் மேடம்” என்றார் அவசரமாக. “நீங்க எதுவும் சொல்ல வேணாம். எனக்கு எல்லாம் தெரியும்.”

முகம் வெளிறி, விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலை போய்விட்டது. பூரணி ஃபேக்டரிப் படியில் உட்கார்ந்தாள். லயத்துக்குத் திரும்பி எந்த முகத்தோடு நடப்பது? நாளைக்குக் கொழுந்து பறிக்க ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்றால் கங்காணி முதற்கொண்டு எல்லோரும் கேட்பார்கள். இருட்டிய பிறகு கடைசி பஸ்ஸில் போனால் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். நாளைக் காலைக்கு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. வீங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆபீஸில் டைப் அடிக்கும் ஜிப்ரியா தேத்தண்ணியோடு வந்தாள். கூடவே கிரீம் பிஸ்கட் ஒரு தட்டு. மற்ற யாருக்கும் அது கிடைத்ததாகத் தெரியவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

“மேடம், புதுசா படிக்க வர்றவங்க செய்யிற அத்தன பிழையையும் வேணும்னே செஞ்சு எங்க சேரை சோதிக்கிறதுக்கு, கொழும்பு ஹெட் ஆபீஸ்ல இருந்து வேஷம் போட்டு ஆள் வருதுன்னு எங்களுக்கு நேத்தே தெரியும், தோட்டத்து ஆள் மாதிரி அச்சு அசலா பேசுறீங்க, அழுகையும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரிப்போர்ட்ல சேரோட வேலைக்கு மட்டும் ஒண்ணும் வராம எழுதுங்க, பாவம், அவரும் உள்ள அழுதுகிட்டுத்தான் இருக்காரு.”